இடமும் வலமும் சமமாகாத ஸ்பீக்கர்: ஒரு லினக்ஸ் கணினியின் ஒலி ஆய்வு

மேடைப் பேச்சுகளையும் நேர்காணல்களையும் ஒலிக்கோப்புகளாகத் தொகுத்துத் தருவது என் தோழி ஒருவரின் வேலை. அவருடைய மேசைக்கணினியில் லினக்ஸ், க்னோம் பணிச்சூழல், ஒலியைக் கையாளப் பைப்வயர் என்ற மென்பொருள். தாய்ப்பலகையின் பின்புறமுள்ள பச்சைத் துளையிலிருந்து ஒரு கேபிள், ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய ஸ்பீக்கர் ஜோடிக்குப் போகிறது. ஆம்ப்ளிஃபையரும் வால்யூம் குமிழும் வலது ஸ்பீக்கரில் இருக்கின்றன. இடது ஸ்பீக்கர் அதிலிருந்து ஒரு வயர் வழியாக ஒலியைப் பெறுகிறது. மிகவும் வழக்கமான அமைப்பு.

அவர் சொன்ன முறையீடு மட்டும் வழக்கமானதாக இல்லை. "ஆரம்பத்துல பண்ண ஃபைல் எல்லாம் ஹெட்போன்ல கேட்டா இடது பக்கம் சாயுதுன்னு சொன்னாங்க. செட்டிங்ஸ்ல பேலன்ஸை மாத்தி வச்சேன். இப்ப சில ஃபைல் வலது பக்கம் சாயுதுங்கறாங்க. இங்க உக்காந்து கேட்டா எனக்கு எல்லாமே நடுவுலதான் கேக்குது."

விசாரித்ததில் இன்னும் இரண்டு குறைகள் வெளியே வந்தன. கணினியில் சேமித்து வைத்த படங்களைப் பார்க்கும்போது இசையும் வெடிச்சத்தமும் நிறைவாகக் கேட்கின்றன, வசனம் மட்டும் அடியில் எங்கோ கிடக்கிறது. கைதட்டல், சிரிப்பு போன்ற உரத்த இடங்களில் ஒலி கரகரக்கிறது. இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள் என்றே அவர் நினைத்திருந்தார். மூன்றும் ஒரே இடத்தில் தொடங்கியவை என்பதுதான் இந்த ஆய்வை முழுமையாக எழுதிவைக்கக் காரணம்.

மாற்றுவதற்கு முன் குறித்துவைத்தவை

ஒலிக் கோளாறு என்றதும் எல்லா ஸ்லைடரையும் நூறுக்குத் தள்ளிப் பார்ப்பது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் தடயம் அழிந்துபோகும். எதையும் தொடுவதற்கு முன் டெர்மினலில் பிஏ-சிடிஎல் கட்டளையால் ஒலி வெளியீடுகளின் பட்டியலை எடுத்து ஒரு கோப்பில் சேமித்தேன். இது பைப்வயருக்கு முன்பிருந்த பல்ஸ்ஆடியோ என்ற ஒலி அமைப்பின் காலத்துக் கட்டளை. பைப்வயர் அதே மொழியைப் புரிந்துகொள்வதால் இன்றும் அப்படியே வேலை செய்கிறது. ஒவ்வொரு சேனலின் வால்யூமையும் சதவீதத்திலும் டெசிபெலிலும் காட்டி, பேலன்ஸ் எண்ணையும் இது தரும்.

இங்கே முன் இடது 130 சதவீதத்தில் இருந்தது, முன் வலது ஏறத்தாழ 110-இல். பேலன்ஸ் மைனஸ் 0.15. பட்டியலில் இரண்டு சேனல்களுக்குப் பதில் ஆறு இருந்தன. அந்த ஆறைப் பற்றிப் பிறகு.

இந்தச் சதவீதங்களைப் படிக்க ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பல்ஸ்ஆடியோவும் அதன் வழிவந்த கருவிகளும் காட்டும் சதவீதம் நேர்கோட்டு அளவு அன்று. அதன் மும்மடிதான் உண்மையான அலைவீச்சு. ஸ்லைடர் 50-இல் நின்றால் அலைவீச்சு எட்டில் ஒரு பங்கு, அதாவது மைனஸ் 18 டெசிபெல். 80 என்றால் மைனஸ் 5.8. 100 என்பது கூட்டலும் குறைத்தலும் இல்லாத சுழிய நிலை. 130 என்றால் ஏறத்தாழ 6.8 டெசிபெல் செயற்கையாகக் கூட்டப்படுகிறது. ஏற்கெனவே உச்சத்தைத் தொடும்படி பதிவான கைதட்டலை இன்னும் 6.8 டெசிபெல் உயர்த்தினால் அலையின் தலை வெட்டுப்படும். கரகரப்பு அங்கிருந்துதான் வந்தது. ஸ்பீக்கர் குமிழைக் குறைத்தும் அது ஏன் போகவில்லை என்பதும் இதிலேயே தெளிவாகிறது: அலை வெட்டுப்பட்டது கணினிக்குள், குமிழ் இருப்பது அதற்கு வெளியே.

பேலன்ஸ் ஸ்லைடரும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. அதை இடப்பக்கம் நகர்த்தினால் இடது கூடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இடது அப்படியே இருக்க, வலது குறைக்கப்படுகிறது. மைனஸ் 0.15 என்றால் வலது, இடதின் 85 சதவீதத்தில் நிற்கும், டெசிபெலில் 4.2 குறைவு. கண்ணுக்கு மிகச் சிறிய நகர்வு. ஆனால் நடுவில் நிற்க வேண்டிய குரலைக் கண்கூடாக ஒரு பக்கம் தள்ள 4 டெசிபெல் தாராளமாகப் போதும். 1 டெசிபெல் மட்டும் திருத்த வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை 96 சதவீதத்தில் வைத்தால் ஆயிற்று. மௌஸால் இழுத்து இந்த நுணுக்கத்தை எட்டுவது கடினம். இரண்டு சேனலுக்கும் தனித்தனி எண்ணைக் கட்டளையில் கொடுப்பதே மேல்.

எந்த அடுக்கில் சாய்வு?

லினக்ஸில் ஒரு ஒலி காதுக்கு வருமுன் குறைந்தது நான்கு வால்யூம்களைக் கடக்கிறது: செயலியின் வால்யூம், பைப்வயரின் வெளியீட்டு வால்யூம், சவுண்ட் கார்டின் சொந்தக் கட்டுப்பாடுகள், ஸ்பீக்கரின் குமிழ். வரலாறுதான் இதை இப்படி அடுக்கியது. லினக்ஸின் மையமான கர்னலில், சவுண்ட் கார்டை இயக்கும் பழைய ஓஎஸ்எஸ் அமைப்பு இருந்த இடத்தை 2.6 பதிப்பிலிருந்து ஆல்சா எடுத்துக்கொண்டது. பல செயலிகளின் ஒலியைக் கலந்து தர அதன்மேல் லெனார்ட் போயட்டெரிங் உருவாக்கிய பல்ஸ்ஆடியோ வந்தது. ஃபெடோரா 2007-இலும் உபுண்டு 2008-இலும் அதை இயல்பாக்கின. பிறகு விம் டேமான்ஸின் பைப்வயர் அந்த இடத்துக்கு வந்தது. ஃபெடோரா 34-இல், 2021-இல், அது இயல்பான ஒலி அமைப்பானது. அடியில் இருப்பது இன்றும் ஆல்சாதான். ஆகவே மேலே பார்க்கும் ஸ்லைடர் சரியாக இருக்கும்போதே கீழே ஒரு கட்டுப்பாடு கோணலாக நிற்க முடியும்.

பேலன்ஸை நடுவுக்கும் வால்யூமை 100-க்கும் கொண்டுவந்துவிட்டு ஆல்சாவின் கட்டுப்பாடுகளைக் காட்டும் ஆல்சாமிக்சரைத் திறந்தேன். எஃப்6 விசையை அழுத்திச் சவுண்ட் கார்டை நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் பைப்வயரின் ஒற்றைப் பட்டை மட்டுமே தெரியும், பார்த்தும் பயனில்லை. தாய்ப்பலகையிலேயே வரும் சவுண்ட் கார்டுகளில் மாஸ்டர் என்ற பட்டை பெரும்பாலும் இடம் வலம் சேர்ந்த ஒன்றாகவே இருக்கும், அதில் பேலன்ஸ் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியவை ஃப்ரண்ட், ஸ்பீக்கர், ஹெட்போன் போன்ற பட்டைகள். அவற்றில் கியூ விசை இடதை ஏற்றும், இசட் இறக்கும். இ விசை வலதை ஏற்றும், சி இறக்கும். பி அழுத்தினால் இரண்டும் சமமாகும். கைதவறி ஒரு எழுத்து அழுத்தினாலே ஒரு பக்கம் இறங்கிவிடும். அந்த மதிப்பை ஆல்சா சேமித்து அடுத்த முறை கணினி தொடங்கும்போது திரும்பவும் ஏற்றும் என்பதால், மறுதொடக்கத்தில் போகாத சாய்வுக்கு இது ஒரு பொதுவான காரணம். இந்தக் கணினியில் ஃப்ரண்ட் பட்டையின் இரு பக்கமும் சமமாகவே இருந்தன. அந்த அடுக்கு விசாரணையிலிருந்து விடுபட்டது.

செயலி அடுக்கையும் பார்த்தாயிற்று. பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியின் பிளேபேக் பகுதியில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பட்டை உண்டு. பூட்டுச் சின்னத்தை விடுவித்தால் சேனல்கள் தனித்தனியாகப் பிரியும். செயலிக்குச் செயலி இந்த மதிப்பு நினைவில் வைக்கப்படுகிறது. இங்கே எதுவும் கோணலாக இல்லை.

அடுத்தது அளவு நாடா. உட்காரும் இடத்தில் தலை இருக்கும் புள்ளியிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் தூரம் ஒன்றுதானா என்று பார்த்தேன், ஒன்றுதான். இதைப் பலர் தாண்டிப்போகிறார்கள். ஒன்று 60 சென்டிமீட்டரிலும் மற்றொன்று 75-இலும் இருந்தால் நேரடி ஒலியில் மட்டும் ஏறத்தாழ 2 டெசிபெல் வேறுபாடு வரும்; கூடவே தொலைவிலுள்ளது அரை மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாகத் தாமதிக்கும். முதலில் வரும் ஒலியின் பக்கமே திசை உணர்வு சாயும் என்பதால், அத்தகைய இடத்தில் பேலன்ஸை நகர்த்துவது பாதித் தீர்வுதான். ஸ்பீக்கரை நகர்த்தினால் அளவும் நேரமும் ஒருங்கே சரியாகும்.

கேபிளை மாற்றிச் செருகியபோது

மென்பொருள் அடுக்குகள் மூன்றும் நடுநிலைக்கு வந்த பிறகும், குமிழை அவர் இரவில் வைக்கும் இடத்தில் வைத்துக் கேட்டால் இடது தெளிவாகத் தணிந்திருந்தது. ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, ஸ்பீக்கரின் பின்னால் உள்ள சிவப்பு வெள்ளைச் செருகிகளை இடம் மாற்றினேன். இந்தச் சோதனையின் அழகே அதன் தெளிவில் இருக்கிறது. கோளாறு கணினியிலோ கேபிளிலோ இருந்தால் தணிவு வலப்பக்கம் தாவ வேண்டும். ஆம்ப்ளிஃபையரிலோ ஸ்பீக்கரிலோ இருந்தால் இடதிலேயே நிற்க வேண்டும். நின்றது. லினக்ஸின் எந்த அமைப்பையும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது என்பது அந்த ஒரு சோதனையில் முடிவாயிற்று. பேலன்ஸை நடுவில் வைக்காமல் இதைச் செய்திருந்தால் இரண்டு சாய்வுகள் ஒன்றோடொன்று கலந்து எந்த முடிவுக்கும் வந்திருக்க முடியாது.

இனி ஸ்பீக்கரா, குமிழா? ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையை இரண்டு சேனலுக்கு ஓடவிட்டால் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சல் இடதிலும் வலதிலும் மாறிமாறி வரும். ஒலியளவு காட்டும் செயலியைக் கைபேசியில் திறந்து, தலை இருக்கும் இடத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தினேன். இத்தகைய செயலிகள் சொல்லும் டெசிபெல் எண்ணை உண்மை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கைபேசி நகராமல் இருந்தால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நம்பலாம், நமக்குத் தேவையும் அதுதான்.

குமிழின் கோடு கடிகாரத்தில் எட்டு மணியைக் காட்டும் இடத்தில், இடது ஏறத்தாழ 4 டெசிபெல் குறைவு. பத்து மணிக்கு வரும்போதே வேறுபாடு பாதிக்கும் கீழே இறங்கியது. பன்னிரண்டு மணியில் அது அளவியில் தெரியாத அளவுக்குப் போய்விட்டது. ஸ்பீக்கர் பழுதாக இருந்தால் குமிழின் எந்த நிலையிலும் வேறுபாடு அதேபோல் இருந்திருக்கும். நிலைக்கு ஏற்ப மாறியதால் குற்றவாளி குமிழ்தான்.

அதன் உள்ளே ஒரே தண்டில் இரண்டு மின்தடைத் தடங்கள் இருக்கின்றன, இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே மதிப்பில் நகர வேண்டும். விலை மலிந்த குமிழ்களில், குறிப்பாகச் சுழற்சியின் தொடக்கத்தில், அப்படி நகர்வதில்லை. புதிய ஸ்பீக்கரிலும் இது உண்டு. பழுது என்று சொல்ல முடியாது, அந்த உறுப்பின் இயல்பு.

இப்போது கோப்புகளின் புதிர் தானாக அவிழ்கிறது. முன்பு அவர் இரவில் குமிழை எட்டு மணியில் வைத்துத் தொகுத்தார். இடது தணிந்து கேட்டது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்புச் செயலியில், ஒலியை இடமோ வலமோ தள்ளும் பேன் ஸ்லைடரை இடப்பக்கம் நகர்த்தி ஈடுகட்டினார். கோப்பு இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு க்னோமின் பேலன்ஸை மைனஸ் 0.15-க்கு மாற்றினார். இரவுக்கு அது மிகச் சரியான திருத்தம்: குமிழ் குறைத்த 4 டெசிபெலை மறுபக்கம் 4.2 குறைத்துச் சமன்செய்தது. பகலில் குமிழைப் பன்னிரண்டு மணிக்குத் திருப்பியதும், குறையே இல்லாத இடத்தில் அந்தத் திருத்தம் புதிய குறையானது. இடது மிகுந்து கேட்டது, பேன் வலப்பக்கம் போயிற்று. அவர் காது ஒருபோதும் தவறவில்லை. கேட்டதை உண்மையாகத்தான் திருத்தினார், ஆனால் அவர் திருத்தியது கோப்பில் இல்லாத ஒரு குறையை.

பேலன்ஸ் ஸ்லைடரை முதலில் தொடாதீர்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அது ஒரே எண்; எந்த நிலையிலும் மாறாது. சாய்வோ நிலைக்கு நிலை மாறக்கூடியது. காரணம் தெரியாமல் அந்த எண்ணை வைத்தால் ஒரு வேளைக்குப் பொருந்தி மறுவேளைக்கு ஏமாற்றும்.

குமிழ் ஏன் அவ்வளவு கீழே இருந்தது?

குமிழை எட்டு மணியில் வைக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது? கணினி 130 சதவீதத்தில் இருந்ததால். கணினி ஏன் 130-இல் இருந்தது? படங்களில் வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை 100-க்கு மேலும் போகவிடும் க்னோமின் மிகைபெருக்க வசதியை இயக்கி ஏற்றியிருந்தார். வசனம் ஏன் கேட்கவில்லை? பட்டியலில் நின்ற அந்த ஆறு சேனல்கள் இங்கேதான் பேசுகின்றன.

பாவுகண்ட்ரோலின் கடைசிப் பகுதியான கான்ஃபிகரேஷனில், சவுண்ட் கார்டின் ப்ரொஃபைல், அதாவது அது எத்தனை சேனல்களை வெளியிட வேண்டும் என்ற தேர்வு, ஆறு சேனல் கொண்ட அனலாக் சரவுண்ட் 5.1 என்றிருந்தது. கார்டுக்கு அந்தத் திறன் உண்டு: பச்சைத் துளை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். பச்சையைத் தவிர வேறெதிலும் ஒன்றும் செருகப்படவில்லை. இரண்டு சேனல் பாட்டு முன் இடம் வலத்தில் நன்றாகவே ஒலிக்கும், குறை தெரியவே தெரியாது. ஆனால் ஆறு சேனல் ஒலித்தடம் கொண்ட படத்தைப் போட்டால், வெளியீட்டிலும் ஆறு இருப்பதைக் கண்ட பிளேயர் எதையும் கலக்காமல் அப்படியே அனுப்புகிறது. படங்களில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். அது யாரும் கேட்காத ஆரஞ்சுத் துளைக்குப் போய்க்கொண்டிருந்தது. முன் சேனல்களில் கசிந்த மிச்சக் குரலைத்தான் அவர் வால்யூமை ஏற்றி ஏற்றித் தேடியிருக்கிறார். இணையத்தில் இரண்டு சேனலாக வரும் படங்களில் இந்தக் குறை இல்லை என்று அவர் சொன்னதும் இதோடு பொருந்தியது.

ப்ரொஃபைலை அனலாக் ஸ்டீரியோவுக்கு மாற்றினேன். இப்போது பிளேயர் ஆறு சேனல்களை இரண்டாகக் கலந்தாக வேண்டும். வழக்கமான கலவையில் நடுச் சேனல் 0.707 மடங்காக, அதாவது 3 டெசிபெல் குறைவாக, இரண்டு பக்கமும் சேர்க்கப்படும். அதே படத்தின் அதே காட்சியில் வசனம் முன்னுக்கு வந்தது. மிகைபெருக்கம் தேவையற்றுப் போனது, அதோடு கரகரப்பும்.

நிலைநிறுத்தியது

ஸ்பீக்கர் குமிழைப் பன்னிரண்டு மணியில் நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் அடையாளம் வைத்தோம். இனி அன்றாட ஏற்ற இறக்கமெல்லாம் கணினியின் வால்யூமில் மட்டும். டிஜிட்டலில் குறைத்தால் தரம் போய்விடாதா என்று அவர் கேட்டார், நியாயமான கேள்வி. பைப்வயர் உள்ளே 32 பிட் மிதவைப்புள்ளி எண்களில் கணக்கிடுகிறது. சவுண்ட் கார்டில் வன்பொருள் வால்யூம் இருந்தால் அதையே முதலில் பயன்படுத்துகிறது. 40 சதவீதம் என்ற இரவு அளவு ஏறத்தாழ மைனஸ் 24 டெசிபெல். இந்த அளவில் காதுக்கு எட்டும் இழப்பு இல்லை. குமிழை அதற்கும் மேலே உயர்த்தினால் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல் அமைதியான இடங்களில் தலைகாட்டும். அது கேட்கத் தொடங்கும் இடத்துக்குக் கீழே, சாய்வு மறையும் இடத்துக்கு மேலே ஒரு நிலையை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தேடிப்பிடிக்க வேண்டும்.

பேலன்ஸ் சுழியத்தில். ப்ரொஃபைலையும் வால்யூமையும் வயர்பிளம்பர் என்ற துணைநிரல் பயனரின் கோப்புறையில் சேமித்துக்கொள்கிறது, ஆகவே தனியாக எதையும் எழுதிவைக்கத் தேவைப்படவில்லை. மறுதொடக்கத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. பெரிய பதிப்பு மாற்றம் செய்யும்போது ப்ரொஃபைலை ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செவியில் கேள்திறன் குறைந்தவர்கள் பேலன்ஸை நிரந்தரமாக நகர்த்தி வைப்பதுண்டு. அவர்களுக்கு அது உரிய பயன்பாடுதான். ஆனாலும் ஹெட்போனில் கேட்கும்போது, குறைந்த பக்கத்தில் மட்டும் உள்ள ஒரு குரல் முழுதாகவே தவறிப்போகலாம். இரண்டு சேனலையும் ஒன்றாக்கி இரு செவிக்கும் தருவது அவர்களுக்குக் கூடுதல் நன்மை. ஒலி அமைப்பின் ரீமேப்-சிங்க் என்ற தொகுதியில் இரண்டு சேனலையும் மோனோ என்று குறித்தால் அத்தகைய வெளியீடு கிடைக்கும்.

மிஞ்சியிருந்தது பழைய கோப்புகளின் திருத்தம். ஆடாசிட்டியின் திட்டக்கோப்பு கையில் இருந்தவற்றில் பேனை நடுவுக்குக் கொண்டுவந்து மீண்டும் ஏற்றுமதி செய்தார். இறுதிக்கோப்பு மட்டுமே இருந்தவற்றில் மிகுந்த பக்கத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எவ்வளவு குறைப்பது என்பதை ஸ்பீக்கரில் கேட்டு முடிவுசெய்யவில்லை. ஒற்றை மைக்கில் பதிவான குரல் நடுவில் நின்றால் ஒலியளவு மீட்டரின் இரு பட்டைகளும் ஒரே உயரத்தில் ஆட வேண்டும், அதைப் பார்த்தே குறைத்தார். புதிய கோப்புகளிலும் ஏற்றுமதிக்கு முன் பேச்சாளர் மட்டும் பேசும் ஒரு பகுதியை ஓடவிட்டு அந்த இரு பட்டைகளைப் பார்க்கிறார். அவை சமமாக இருந்து காதுக்குச் சாய்வாகக் கேட்டால், கோப்பைத் தொடாமல் குமிழின் அடையாளத்தைப் பார்க்கிறார்.